நம்பர் போடாத லெபாஸ்

கிளாரிசாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் அவள் இருக்கும் புளோக்குக்கே தெரியும். லிஃப்ட் பட்டனை இரண்டு தரம் அழுத்துகிறவனைக்கூட முறைப்பாள். ஆனால் அந்தப் புதன்கிழமை சாயங்காலம் அவள் நல்ல மனநிலையில்தான் இருந்தாள். அதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம்.

அன்று மத்தியானம்தான் தன் ஸ்டூடியோ முதலாளி ரெங்கசாமியிடம் இர்ஃபானின் பெயரைச் சொல்லியிருந்தாள். கணினி விளையாட்டு செய்யும் சின்ன ஸ்டூடியோ அது. மொத்தமே ஏழு பேர். எட்டாவது ஆளுக்கு ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

"உங்க வார்த்தய நம்பி எடுக்கலாமா?" என்று ரெங்கசாமி கேட்டார்.

"கண்ண மூடிட்டு எடுக்கலாம் சார்."

"சரி, வெள்ளிக்கிழம முடிவு பண்ணிடுறேன்."

இர்ஃபான் அவளோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். பூன் லேக்காரன். வேலை பார்த்த கம்பெனி போன வருஷம் மூடிவிட, அன்றிலிருந்து சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்துகொண்டிருந்தான். அப்ளிகேஷன் போட்டுப் போட்டு ஓய்ந்தவனுக்கு அந்த நாற்காலி எப்படிப்பட்டது என்று கிளாரிசாவைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சர்வர் நடத்தினார்கள். கட்டைகளை அடுக்கி வீடும் தெருவும் கட்டுகிற விளையாட்டு; பல வீடுகளிலிருந்து பல பேர் ஒரே நேரத்தில் உள்ளே வந்து ஒரே ஊரில் நடமாடலாம். இவர்களுடைய ஊரின் பெயர் தேக்கா டவுன். தேக்கா என்றும் சொல்கிற லிட்டில் இந்தியாவைத் தெருத் தெருவாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு மனை, மனைக்கு ஒரு நம்பர். கட்டுவது இர்ஃபானின் கைவேலை, பின்னால் ஓடும் ஸ்கிரிப்ட் முழுக்கக் கிளாரிசாவின் மூளை. அந்த மூளையைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த ஊரில் காரியம் எல்லாம் சாட் பெட்டியில் கட்டளை எழுதித்தான் நடக்கும். ஒரு சாய்கோடு போட்டு, என்ன செய்ய வேண்டும் என்று எழுதி, பக்கத்தில் எந்த இடம் என்று நம்பர் போட வேண்டும். '/கோ 12' என்றால் பன்னிரண்டாம் மனைக்குத் தாவி விடலாம். '/சோப் 12' என்றால் அந்த மனை உங்களுக்கு. ஹாக்கர் சென்டர் உணவங்காடியில் மேசை மேல் டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போவோமே, இடம் பிடித்து வைக்கிற அந்தச் சோப் பண்ணுவது, அதே சோப்தான். மனை வேண்டாம் என்றால் '/லெபாஸ்'. மலாயில் அதற்கு விடுவது என்று அர்த்தம். விட்ட மறு நொடி ஸ்கிரிப்ட் அந்த மனையைச் சுத்தமாகத் துடைத்து வெறும் புல்லாக்கிவிடும், அடுத்தவர் வந்து கட்டுவதற்கு.

இதில் ஒரு விஷயம். டிஷ்யூ பாக்கெட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போகிறவன் எந்த மேசையை விட்டேன் என்று யாரிடமாவது சொல்கிறானா? எடுத்தான், போனான். அதே பழக்கத்தில் தேக்கா டவுன்காரர்கள் யாரும் லெபாஸுக்குப் பின்னால் நம்பர் போடுவதில்லை. கிளாரிசா அதற்கும் ஏற்பாடு செய்திருந்தாள்: நம்பர் போட்டால் அந்த மனை, போடாவிட்டால் போட்டவருடைய சொந்த மனை. மற்றவர் மனையை யாரும் விட முடியாது. அட்மின்கள் இரண்டு பேருக்கு மட்டும் எந்த மனையையும் விட உரிமை உண்டு. கிளாரிசா, இர்ஃபான்.

'லெபாஸ் மட்டும் போட்டா சில நேரம் இது உன் இடமில்லன்னு வருதுக்கா' என்று முனீரா ஒரு தடவை சொல்லியிருந்தாள். முனீரா அந்த ஊரின் மார்க்கெட்டைக் கட்டிய பெண், நர்சிங் படிக்கிறாள். கிளாரிசா திரும்பிக்கூடப் பார்க்காமல், 'நெட் லேக்கா இருக்கும் லா, நம்பர் போட்டுப் பாரு' என்று சொல்லிவிட்டாள்.

புதன்கிழமைக்கு வருவோம். வேலை விட்டு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தவள், முதல் காரியமாக '/கோ 9' என்று எழுதினாள். ஒன்பதாம் மனை அவள் தம்பி டாரியஸினுடையது. டாரியஸ் தேசிய சேவையில், கட்டாய ராணுவப் பயிற்சியில், இருந்தான். வாரக் கடைசியில் மட்டும்தான் முகாமிலிருந்து வீட்டுக்கு வருவான். வந்த வேகத்தில் மொட்டைத் தலையோடு கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவான். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து ஓபிர் ரோட்டின் லூர்து மாதா கோவிலைக் கட்டியிருந்தான். அவர்கள் குடும்பம் ஞாயிறு பூசைக்குப் போகும் கோவில். கூரான கோபுரம், வண்ணக் கண்ணாடி சன்னல்கள், பீடத்தில் மெழுகுவர்த்தி, எல்லாம். சனிக்கிழமை பூன் லேயில் உள்ள ஒரு சமூக மன்றத்தில் தமிழ்மொழி மாத நிகழ்ச்சியில் தேக்கா டவுனைப் பெரிய திரையில் காட்டப்போகிறார்கள். அதில் நடுநாயகமே இந்தக் கோவில்தான். கிளாரிசா வாசலில் நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள். கண்ணில் கொஞ்சம் நீர் வந்தது, உண்மையைச் சொல்வதற்கென்ன.

"பாப்பா, சாப்பாடு ஆறுது," என்று அம்மா அல்போன்சம்மாள் கூப்பிட்டாள். கிளாரிசா எழுந்து போனாள்.

அரைத் தட்டு சோறு சாப்பிட்டிருப்பாள். போன் விர்ரென்றது. நின்றது. மறுபடி விர்ரென்றது. கையை நக்கிக்கொண்டே வந்து திரையைப் பார்த்தாள்.

கோவில் இல்லை.

கோபுரம் இல்லை, சன்னல் இல்லை, படி இல்லை. பச்சைப் புல். அந்தப் புல்லின் நடுவில் விளையாட்டில் அவளாக நடமாடும் பொம்மை மட்டும் இன்னும் அண்ணாந்து பார்த்தபடி நின்றது. கிளாரிசாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேறு மனைக்கு வந்துவிட்டோமோ என்று சுற்றும் முற்றும் பார்த்தாள். இல்லை, பக்கத்தில் பத்தாம் மனையில் இர்ஃபான் கட்டிய முர்தபா பரோட்டாக் கடை அப்படியே இருந்தது. தகரக் கூரை, சுழலும் பெயர்ப் பலகை, ஒன்றும் குறையவில்லை. அதன் வாசலில் இர்ஃபானின் பொம்மை நின்றது. சாட் பெட்டியில் சர்வரின் அறிவிப்பு ஓடியிருந்தது: 'இர்ஃபான் 9-ஆம் இடத்தை விட்டுவிட்டார்.'

அதற்குக் கீழே ஊரே கத்திக்கொண்டிருந்தது. என்னாச்சு, யாரு பண்ணது, அடப்பாவி, சர்ச் எங்க.

அவள் மூன்று தடவை படித்தாள். படிக்கப் படிக்கக் காது சூடேறியது. போனை எடுத்து இர்ஃபானைக் கூப்பிட்டாள்.

"என்ன பண்ண நீ?"

"கிளா, நானும் அததான் பாத்துட்டிருக்கேன். நான் என் இடத்தத்தான் விட்டேன்."

"உன் கட அங்கயே நிக்குது. சர்ச்சு எங்க?"

"எனக்கே புரியல லா. நான் நம்பரே போடல. லெபாஸ்னு மட்டும்தான் போட்டேன்."

"ஒன்பதுன்னு போட்டிருக்கு. ஊரே பாத்துச்சு."

"நான் போடல."

"சரி, உன் கடைய எதுக்கு நீ விடணும்? எட்டு மாசமா கட்டின கட. சனிக்கிழம ஷோ. இப்ப போயி எதுக்கு விடுற?"

அந்தப் பக்கம் பஸ் போகும் சத்தம் கேட்டது. டெலிவரிக்கு நடுவில் எங்கோ நின்று போனிலேயே விளையாடிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது.

"சும்மாதான்," என்றான்.

அவ்வளவுதான், கிளாரிசாவுக்குப் போதுமானதாக இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை டாரியஸுக்கும் அவனுக்கும் சாட்டில் ஒரு சின்ன உரசல். கோவிலின் முன்படிகள் நீண்டு முர்தபா கடை வாசலில் இடித்தன. 'ரெண்டுல ஒண்ணுதான்டா நிக்க முடியும்' என்று இர்ஃபான் எழுதியிருந்தான். சிரிப்பு இமோஜி போட்டுத்தான் எழுதினான். ஆனால் இப்போது அந்தச் சிரிப்பு அவளுக்கு நினைவுக்கு வரவில்லை, வாசகம் மட்டும் வந்தது.

"படிக்காக சண்ட போட்டு, அவன் முகாமுல இருக்கற நேரமா பாத்து உடைச்சிட்ட. இல்ல?"

"கிளாரிசா, நீ என்னத் தெரிஞ்சவதானே."

"தெரிஞ்சதாத்தான் நெனச்சேன்."

போனை வைத்தாள். ஊர் முழுக்கப் பார்க்கும்படி அவனைத் தடை செய்தாள். அட்மின் பதவியைப் பிடுங்கினாள். அதோடு விட்டாளா? அவன் பெயரை யார் சாட்டில் எழுதினாலும் எழுதியவர் வாயடைத்துப் போகும்படி ஒரு கட்டளையும் எழுதிப் போட்டாள். எடுத்தேன் கவிழ்த்தேன் என்பது அவளுக்குப் பிறவிக் குணம்.

பேக்கப் இல்லையா என்று கேட்பீர்கள். எடுக்க வேண்டியது கிளாரிசாதான். தீபாவளிக்கு முன்னால் எடுத்ததோடு சரி. அதில் ஒன்பதாம் மனையில் நான்கு தூண்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலை ரெங்கசாமியின் அறைக் கதவைத் தட்டினாள்.

"சார், இர்ஃபான் விஷயம். என் வார்த்தய வாபஸ் வாங்கிக்கிறேன்."

ரெங்கசாமி கண்ணாடியைக் கழற்றினார். "நேத்துதானே கண்ண மூடிட்டு எடுக்கலாம்னீங்க?"

"கோவம் வந்தா அடுத்தவங்க வேலைய அழிச்சிடுற ஆளு சார். நேத்து ராத்திரிதான் தெரிஞ்சுது."

அவர் ஒன்றும் துருவிக் கேட்கவில்லை. தலையை ஆட்டினார். அவள் வெளியே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். நியாயத்தைத்தானே சொன்னோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்று முனீராவிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது, 'அக்கா, இர்ஃபானப் பத்தி ஒண்ணு சொல்லணும்' என்று. பெயரைப் பார்த்ததும் திறக்காமலே தள்ளிவிட்டாள். வெள்ளிக்கிழமை இன்னொன்று. அதையும்.

சனிக்கிழமை சமூக மன்றத்தில் கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். வடை, தே தாரிக் என்கிற ஆற்றிய டீ, பிள்ளைகள் சத்தம். மேடையில் பெரிய திரை. ஒரு பக்கம் ஐந்தாறு மடிக்கணினிகள் போட்டு முனீரா வந்தவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். கணினிகளை இரவல் கொடுத்த ரெங்கசாமியும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். டாரியஸ் காலையிலேயே முகாமிலிருந்து வந்துவிட்டான். ஆனால் நிகழ்ச்சிக்கு வரவில்லை. 'சர்ச்சே இல்ல, நான் எதுக்குக்கா' என்று சொல்லிவிட்டு எங்கேயோ போய்விட்டான்.

கிளாரிசா மைக்கைப் பிடித்தாள். "நம்ம ஊர்ல எடம் புடிக்க என்ன பண்ணுவோம்? டிஷ்யூ பேப்பர வைப்போம்ல?" என்றாள். கூட்டம் சிரித்தது. '/சோப் 31' என்று எழுதினாள். வெறும் மனையில் மளமளவென்று ஒரு பூக்கடை கட்டிக் காட்டினாள். கைதட்டினார்கள்.

அந்த நேரத்தில் மடிக்கணினிப் பக்கம் ஓர் அம்மா, "மார்க்கெட்டு எங்கம்மா இருக்கு, மீனெல்லாம் இருக்குமா?" என்று கேட்டார். முனீராவுக்குப் பெருமை தாங்கவில்லை. மார்க்கெட் அவள் கட்டியது, நான்காம் மனை. "இருக்குமா-வா? வாங்க," என்று '/கோ 4' எழுதி அவரை உள்ளே கூட்டிப்போனாள். பெரிய திரையிலும் மார்க்கெட்டின் நீலக் கூரை தெருக்கோடியில் தெரிந்தது.

"கெளம்பும்போது டிஷ்யூவ எடுத்துட்டுப் போயிடுவோம். அவ்வளவுதான்," என்று கிளாரிசா மேடையில் சொன்னாள். '/லெபாஸ்' என்று எழுதி, தட்டினாள்.

பூக்கடை மறையவில்லை. தெருக்கோடியில் நீலக் கூரை மறைந்தது.

மீன் கடை, காய்கறிக் கடை, தூண்கள், தட்டிகள், மொத்த மார்க்கெட்டும் திரையிலிருந்து துடைத்தெடுத்த மாதிரிப் போய்ச் சேர்ந்தது. அந்த அம்மாவின் பொம்மை புல்வெளியில் தன்னந்தனியாக நின்றது. பின்வரிசையில் யாரோ இது வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டினார்கள். முனீரா தட்டவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். திரையின் அடியில், ஆள் உயர எழுத்தில் அறிவிப்பு: 'கிளாரிசா 4-ஆம் இடத்தை விட்டுவிட்டார்.'

நான் நம்பரே போடலையே என்று கிளாரிசா வாய்க்குள் சொன்னாள்.

இதே வார்த்தை. இதே வார்த்தையைத்தான் அவன் சொன்னான்.

நான் என் இடத்தத்தான் விட்டேன். நம்பரே போடல. அன்றைக்கு முர்தபா கடை நின்றது, இன்றைக்குப் பூக்கடை நிற்கிறது.

மேடையிலேயே குனிந்து, கூட்டம் பார்க்கப் பார்க்க ஸ்கிரிப்டைத் திறந்தாள். தேட வேண்டியதே இல்லை. ஒருவர் கட்டளையோடு நம்பர் போட்டால் அந்த நம்பரைப் போட்டு வைக்க ஒரு பெட்டி வேண்டும். அந்தப் பெட்டி கட்டளை போடுகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, ஒவ்வொரு தடவையும் புதிதாக இருக்க வேண்டும். கிளாரிசா, மூளைக்காரி, ஊருக்கே ஒரே பெட்டியாக வைத்திருந்தாள். அவளுடைய ஸ்கிரிப்டில் ஒரு சொல் விட்டுப்போயிருந்தது. அதனால் யாராவது '/கோ 4' என்று எழுதினால் நான்கு அந்தப் பெட்டியிலேயே கிடக்கும். அடுத்து யாராவது நம்பர் போடாமல் லெபாஸ் என்றால், பெட்டியில் கிடக்கிற நான்கை எடுத்துக்கொள்ளும். சாதாரண ஆளாக இருந்தால் 'இது உன் இடமில்லை' என்று நிறுத்திவிடும். முனீரா அதைத்தானே சொன்னாள்? அட்மினாக இருந்தால் நிறுத்தாது. ஒரே வழிப்பு.

தனியாக உட்கார்ந்து சோதித்துப் பார்த்தபோதெல்லாம் பெட்டி காலியாக இருந்தது. அதனால் எல்லாம் சரியாக நடந்தது.

இன்றைக்கு நான்கைப் போட்டது முனீரா. சரி. புதன்கிழமை பெட்டியில் ஒன்பதைப் போட்டது யார்?

கிளாரிசா நிமிர்ந்தாள். பேயறைந்தவள் மாதிரி இருந்தது முகம். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும், கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதற்காக, '/கோ 9'. அவளேதான். தம்பியின் கோவிலைக் காட்டிக்கொடுத்துவிட்டுச் சோறு தின்னப் போனவள் அவள். பாவி, பழியை மட்டும் அவன் தலையில் கட்டினாள்.

"என்னாச்சு, லேக்கா?" என்று ரெங்கசாமி முன்வரிசையிலிருந்து கேட்டார். நல்ல மனிதர், அவளுக்கு ஒரு வழி விட்டார். ஆமாம் சார், லேக் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூட்டம் கலைந்து வடைப் பக்கம் போயிருக்கும். புதன்கிழமை நடந்ததும் அப்படியே புதைந்துபோயிருக்கும். அவளுக்கு அந்த ஆசை வந்ததா என்றால், வந்தது. நாக்கு நுனி வரை வந்தது.

"லேக் இல்ல சார்," என்றாள் மைக்கிலேயே. "என் ஸ்கிரிப்ட் தப்பு. இப்ப மார்க்கெட்ட அழிச்சது நான்தான். புதன்கிழம சர்ச்ச அழிச்சதும் இதே தப்புதான். இர்ஃபான் ஒண்ணுமே பண்ணல. நான் உங்ககிட்ட சொன்னது பொய் சார்."

மண்டபத்தில் பாதிப் பேருக்கு இர்ஃபான் யாரென்றே தெரியாது. ரெங்கசாமிக்குத் தெரியும். அவர் எழுந்து மேடை ஓரத்துக்கு வந்தார்.

"மைக்க வைங்க," என்றார் மெதுவாக. "கிளாரிசா, நேத்தே வேற பையனுக்கு லெட்டர் போயிடுச்சு. அவன் கையெழுத்தும் போட்டாச்சு."

"இன்னொரு எடம், சார்..."

"இன்னொரு எடம் எங்கிட்ட இல்லம்மா."

அவள் மேடையை விட்டு இறங்கியபோது முனீரா எதிரே நின்றாள். அழுது முடித்திருந்தாள்.

"மார்க்கெட்டு போனா போகட்டும்கா," என்றாள். "நான் ரெண்டு மெசேஜ் போட்டேன், நீங்க பாக்கவே இல்ல. சர்வர்ல அவன் பேர எழுதினா என் வாயையும் அடைச்சுடுது. இர்ஃபான் அவன் கடைய எதுக்கு விட்டான் தெரியுமா?"

கிளாரிசா தலையை ஆட்டினாள், தெரியாது என்று.

"டாரியஸோட சர்ச்சுக்கு முன்னாடி முற்றம் வைக்க எடம் பத்தல. குகை மாதிரி மாதா கெபி வைக்கணும்னு ஆசப்பட்டான்ல? படி இடிக்குதுன்னு இர்ஃபான்தான் யோசிச்சு, என் கடைய எடுத்துடுறேன், சனிக்கிழம தம்பி வந்து பாத்து ஷாக் ஆகட்டும்னான். உங்ககிட்ட சொன்னா நீங்க உடனே போன் போட்டு தம்பிகிட்ட ஒளறிடுவீங்களாம். அதான் சொல்லாதேன்னான்."

சும்மாதான் என்று அவன் சொன்னது அவள் காதில் திரும்பக் கேட்டது. ஓங்கி அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

இர்ஃபானுக்கு ஐந்து தடவை போன் அடித்தாள். எடுக்கவில்லை. டாரியஸுக்கு அடித்தாள், எடுத்தான். "தேக்கா சென்டர்ல இருக்கேன்கா. இர்ஃபானோட சாப்பிட வந்தேன்," என்றான். புதன்கிழமையிலிருந்து இரண்டு பேரும் தினமும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். கோவிலைப் பறிகொடுத்தவனுக்கு அவன் மேல் சந்தேகமே வரவில்லை. அக்காவுக்குத்தான் வந்தது.

பூன் லேயிலிருந்து லிட்டில் இந்தியா வரை எம்ஆர்டி ரயிலில் மடியில் கணினியை வைத்துக்கொண்டு வந்தாள். விட்டுப்போன சொல்லைச் சேர்த்தாள். ஒரே ஒரு சொல், ஜூரோங் ஈஸ்ட் ஸ்டேஷன் வருவதற்குள் முடிந்துவிட்டது. தடையை எடுத்தாள். அட்மின் பதவியைத் திருப்பிக் கொடுத்தாள். மீதி வழியெல்லாம் சன்னல் கண்ணாடியில் தன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு வந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை.

தேக்கா சென்டரில் சனிக்கிழமைக் கூட்டம். இடுக்கில் நுழைந்து நுழைந்து போனாள். தூணோரமாக ஒரு சின்ன மேசையில் இர்ஃபான் உட்கார்ந்திருந்தான், டெலிவரிச் சட்டையோடு. எதிர் நாற்காலி காலியாக இருந்தது. அதன் மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்.

கிளாரிசா நாற்காலி முதுகில் கை வைத்தாள்.

"அது டாரியஸோட எடம்," என்றான் இர்ஃபான். "சாப்பாடு வாங்கப் போயிருக்கான்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டியை, மார்க்கெட்டை, ஒன்பதைப் போட்டது தான்தான் என்பதை. ரெங்கசாமியிடம் வியாழக்கிழமை சொன்னதையும் சொன்னாள். அது அவனுக்குத் தெரியாது. வேலை போன விஷயத்தில் வந்து நின்றபோது பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று அழுதாள்.

இர்ஃபான் தே கிளாஸைப் பிடித்த பிடியில் அப்படியே இருந்தான். வேலை என்ற சொல்லைக் கேட்டதும் அவன் கண் ஒரு நொடி எங்கோ போய் வந்தது.

"நீதான் வேணாம்னு சொன்னியா?" என்றான். "இண்டர்வியூக்கே கூப்பிடலயேன்னு பாத்தேன்."

"மன்னிச்சிடுன்னு கேக்கக்கூட எனக்கு மொகம் இல்ல, இர்ஃபான்."

"அத விடு. நான் ஒண்ணு கேக்கறேன். ஒரு தடவையாவது, இவன் பொய் சொல்ல மாட்டானேன்னு தோணலயா உனக்கு?"

கிளாரிசா அந்த டிஷ்யூ பாக்கெட்டையே பார்த்தாள்.

பிறகு அவன், "என் கட இன்னும் நிக்குதா?" என்று கேட்டான்.

"நிக்குது. நீ அட்மின்தான், எல்லாம் திருப்பிப் போட்டுட்டேன். எப்ப வேணா உள்ள வரலாம்."

"நான் வரல, கிளாரிசா. இனிமே வரல." கோபமே இல்லாமல் சொன்னான். எப்போதும் கிளா என்றுதான் கூப்பிடுவான். "நீ அட்மின்தானே. போன்லயே பண்ணலாம்ல? எனக்கு அந்த லெபாஸ பண்ணிக் குடு. இந்தத் தடவ நம்பர் போட்டு."

"எட்டு மாச வேலடா அது."

"தெரியும். நான்தானே கட்டினேன். போடு."

கிளாரிசா போனை எடுத்தாள். திரை கண்ணீரில் கலங்கித் தெரிந்தது. '/லெபாஸ் 10' என்று எழுதினாள். அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். பத்துதானா என்று பார்த்தாள். இர்ஃபானின் முகத்தைப் பார்த்தாள். அவன் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தட்டினாள்.

தகரக் கூரை போனது, சுழலும் பலகை போனது. 'கிளாரிசா 10-ஆம் இடத்தை விட்டுவிட்டார்' என்று வந்தது. ஒன்பதும் பத்தும் பக்கத்துப் பக்கத்தில் வெறும் புல்லாகக் கிடந்தன. போனை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"இப்ப டாரியஸுக்கு எடம் போதும்," என்று சொல்லிவிட்டு, இர்ஃபான் ஆறிப்போன தேயைக் குடித்தான்.